விளையாட்டை எடைபோடும் பெற்றோர்

(சங்கத்தின் பெற்றோர் – இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

தலைவர் அவர்களே, சங்கத்தின் மூத்த உறுப்பினர்களே, அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளிலிருந்து வந்து குழுமியிருக்கும் தாய்மார்களே, தந்தையரே, மாலை வகுப்புகளைத் தம் தோள்மேல் சுமந்து நடத்திவரும் இளைஞர்களே!

கால் நூற்றாண்டாக நம் சங்கம் ஒரே வினாவை முன்வைத்தே உழைத்து வருகின்றது. நம் பிள்ளை பள்ளியில் நிலைத்து நிற்பதற்கு எது துணை, எது தடை என்பதே அவ்வினா. அதற்குக் கிடைத்த விடைகள் காலந்தோறும் மாறின. ஒரு காலத்தில் சாதிச் சான்றிதழ் தடையாக இருந்தது. பிறிதொரு காலத்தில் உதவித்தொகை விண்ணப்பமும் விடுதி இடமும் தடையாக நின்றன. அவற்றையெல்லாம் தாசில்தார் அலுவலகத்து வாயிலில் காத்திருந்தேனும் தீர்த்துக்கொண்டோம். இன்று பெற்றோர் நம்மிடம் கேட்கும் வினா வேறு. “பிள்ளை கையில் செல்பேசி இருக்கின்றது, அதில் ஏதோ விளையாடுகின்றான், அது நல்லதா, கெட்டதா என்று எங்களுக்குத் தெரியவில்லை” என்கின்றனர். எந்த அலுவலகத்து வாயிலில் நின்றாலும் இதற்கு விடை கிடைக்காது. ஆதலின் இன்றைய உரைக்கு இதனையே பொருளாக எடுத்துக்கொண்டோம்.

செல்பேசி நம் வீடுகளுக்குள் எவ்வாறு வந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் செல்பேசி வழியே வந்தது. கூலி இல்லாத அந்நாட்களில், கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் செல்பேசி வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே பல. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் தமிழகத்தில் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. பள்ளி திறந்தது, செல்பேசி வீட்டிலேயே தங்கிவிட்டது. கல்விக்காக வாங்கிய கருவி அது. இன்றும் வீட்டுப்பாடமும் தேர்வு முடிவும் உதவித்தொகைச் செய்தியும் அதன் வழியேதான் வருகின்றன. அதனைத் தூக்கி எறிக என்று சொல்வோர் நம் வீட்டு நிலைமை அறியாதவர்.

இவ்விடயத்தில் இரண்டு பேச்சுகள் ஊரில் உலவுகின்றன. விளையாட்டு அனைத்தும் நஞ்சு என்பது ஒன்று. பிள்ளை செல்பேசியை இப்படிக் கையாளுகின்றானே, பெரிய அறிவாளியாக வருவான் என்று மகிழ்வது மற்றொன்று. இவ்விரு பேச்சும் பெற்றோரை எடைபோடும் பணியிலிருந்து விடுவித்து விடுகின்றன. அப்பணியோ எவரும் நமக்காகச் செய்து தர முடியாத பணி.

“எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, நாங்கள் எப்படி எடைபோடுவது?” என்று கேட்பீர்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தவறினாலும் கண்டுபிடிக்கும் தந்தையர் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். நியாயவிலைக் கடை அரிசியை உள்ளங்கையில் எடுத்ததும் அதன் தரத்தைச் சொல்லும் தாய்மார்கள் இருக்கின்றீர்கள். சீட்டுப் பிடிப்பவர் நம்பத் தக்கவரா என்று அவர் பேச்சிலேயே அறிந்துகொள்பவர்கள் நீங்கள். எடைபோடுவதற்கு வேண்டுவது சரியான வினாக்களும் பொறுமையுமே. அவ்வினாக்கள் ஆறு. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வினா: இவ்விளையாட்டு எந்த வயதினர்க்கு உரியது?

திரைப்படத்திற்கு யு, யுஏ, ஏ என்று சான்று உண்டென்பதை அறிவீர்கள். 2024 முதல் யுஏ சான்றையும் 7, 13, 16 என வயது வாரியாகப் பிரித்துத் தருகின்றனர். ஒவ்வொரு கணினி விளையாட்டையும் வெளிவருமுன் இவ்வாறு பார்த்துச் சான்று தரும் தணிக்கைக் குழு நம் நாட்டில் இல்லை. எனினும் வயதுக் குறி உண்டு. அமெரிக்காவில், குருதி தெறிக்கும் சில விளையாட்டுகளைக் கண்டு 1993-இல் அந்நாட்டு மேலவை விசாரணை நடத்தியது. அதன் விளைவாக 1994-இல் அத்தொழிலினரே ஒரு வயதுக் குறி அமைப்பை நிறுவினர். ஐரோப்பாவில் 2003-இல் 3, 7, 12, 16, 18 என்னும் எண்களைக் கொண்ட முறை வந்தது. செல்பேசி விளையாட்டுகளுக்கென 2013-இல் ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாயிற்று. கூகுள் பிளே ஸ்டோரில் விளையாட்டின் பெயருக்குக் கீழே 3+, 7+, 12+, 16+, 18+ என நாம் காணும் எண் அம்முறையில் வந்ததே. எண் ஆதலின் எந்த மொழியினரும் படிக்கலாம்.

ஆனால் அவ்வெண்ணின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். விளையாட்டைச் செய்தவர் ஒரு வினாப்பட்டியலை நிரப்புகின்றார். அவ்விடைகளைக் கொண்டே எண் பிறக்கின்றது. சண்டை, குருதி, ஆபாசம், வசைமொழி, சூது ஆகியவை அதில் கணக்கிடப்படும். விளையாடும்போது முன்பின் அறியாத ஒருவர் உங்கள் மகளிடம் என்ன பேசுவார் என்பதை அவ்வெண் அறியாது. பிள்ளை எத்தனை மணி நேரம் அதில் மூழ்குவான் என்பதையும் அறியாது. ஆகவே பிள்ளையின் வயதைவிட எண் பெரிதாக இருப்பின் அவ்விளையாட்டு வேண்டாம். சிறிதாக இருப்பின் மற்ற ஐந்து வினாக்களுக்குச் செல்க.

இரண்டாம் வினா: விளையாட்டில் பிள்ளை செய்வது யாது?

பப்ஜி, ஃப்ரீ ஃபயர் ஆகிய பெயர்களை அறியாத தெரு நம் பகுதியில் இல்லை. பப்ஜியில் நூறு பேர் ஒரு தீவில் இறங்குவர். கிடைக்கும் துப்பாக்கிகளால் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துவர். இறுதியில் எஞ்சுபவரே வென்றவர். ஃப்ரீ ஃபயரில் வழக்கமாக ஐம்பது பேர், ஆட்டமும் குறுகியது. வேறு விளையாட்டுகளும் உண்டு. மைன்கிராஃப்டில் கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டலாம். லூடோவும் கேரமும் நாம் அறிந்தவையே. சொற்களைக் கூட்டுவன, கணக்கைத் தீர்ப்பன, கார் ஓட்டுவன எனப் பலவகை உண்டு. பெயரை மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், பிள்ளையின் அருகில் அமர்ந்து ஓர் ஆட்டத்தை முழுமையாகப் பாருங்கள். கொல்வதா, கட்டுவதா, ஓடுவதா, சிந்திப்பதா, சும்மா விரலால் தட்டுவதா என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்க விரும்புகின்றோம். 2020 செப்டம்பர் 2 அன்று நடுவணரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜியும் அவற்றுள் ஒன்று. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடுக்கப்பட்டது. பப்ஜிக்கு மாற்றாக 2021-இல் வந்த இந்தியப் பதிப்பு 2022 ஜூலையில் நிறுத்தப்பட்டு, 2023 மேயில் மீண்டும் வந்தது. அரசே தடுத்த விளையாட்டு, அரசே திருப்பி விட்டது, ஆகவே இப்போது நல்லதாகிவிட்டது என்று சிலர் எண்ணுகின்றனர். அத்தடைகளுக்கு அரசு காட்டிய காரணம் நாட்டின் இறையாண்மையும் மக்களின் தரவுப் பாதுகாப்புமே. உங்கள் பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஏற்றதா என்பதை எந்தத் தடையும் சொல்லவில்லை. தடை நீக்கமும் சொல்லவில்லை. அத்தீர்ப்பு அன்றும் இன்றும் உங்களிடமே உள்ளது.

மூன்றாம் வினா: உடன் விளையாடுபவர் யார்?

இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் முகமறியாதவரோடு குரல் வழியும் எழுத்து வழியும் பேச இயலும். அங்கே இரு ஆபத்துகள் உள்ளன. பிள்ளையிடம் அன்பாகப் பேசி, படம் கேட்டு, முகவரி கேட்டு, தனியே சந்திக்க அழைப்பவர் உண்டு என்பது ஒன்று. இது எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் பொது. மற்றொன்று நமக்கே உரியது. தெருவில் பெயரும் ஊரும் கேட்டு நம்மை அளந்தவர்கள், அதே பழக்கத்தோடு அங்கும் வருகின்றனர். தோற்றவனை வையும்போது சாதிப் பெயரை வசைச்சொல்லாக வீசுவோர் இருக்கின்றனர். நம் பிள்ளை அதனைக் காதில் மாட்டிய கருவியில் தனியே கேட்கின்றான். அருகில் நாம் இருந்தும் நமக்குக் கேட்பதில்லை. அன்று மாலை அவன் ஏன் உண்ணவில்லை என்பதும் நமக்குப் புரிவதில்லை.

பிள்ளைகளிடம் இதனை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். அவ்வசை சொன்னவனுக்கே இழிவு என்றும், அதனை மறைக்க வேண்டியதில்லை என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். திரையைப் படமெடுத்து வைக்கவும், பெயரும் நேரமும் குறித்து வைக்கவும், அவனைத் தடுத்து நிறுத்தும் வசதியைப் பயன்படுத்தவும் கற்றுக் கொடுங்கள். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொதுவில் சாதி சொல்லி இழிவு செய்வதைக் குற்றமாக்கியது; இணையத்தில் செய்யப்படும் இழிவும் அதற்குள் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் கூறியிருக்கின்றது. இவ்வாறு ஏதேனும் நிகழ்ந்தால் சங்கத்திற்கு வாருங்கள். பிள்ளை தனியே சுமக்க வேண்டிய சுமை அன்று அது.

பதின்மூன்று வயது வரை, அறிந்தவரோடு மட்டுமே விளையாடுவது என்றும், குரல் வசதியை அணைத்து வைப்பது என்றும் விதி செய்துகொள்வது நலம் என்பது எம் கருத்து.

நான்காம் வினா: பணம் எங்கே இருக்கின்றது?

அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ஓர் இதழைத் தொடங்கியபோது அதற்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். விலையைத் தலைப்பிலேயே சொல்லிவிட்ட நேர்மை அது. இன்று விளையாட்டுகள் ‘இலவசம்’ என்று வருகின்றன. விலை உள்ளே ஒளிந்திருக்கின்றது. ஆல்காட் 1894-இல் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளி உண்மையாகவே இலவசம். ஒரு நிறுவனம் கோடிக்கணக்கில் செலவிட்டு விளையாட்டைச் செய்து இலவசமாகத் தருகின்றதென்றால், அப்பணம் எவ்வழியில் திரும்புகின்றது என்று கேட்க வேண்டும்.

மூன்று வழிகள் உள்ளன. ஒன்று விளம்பரம். மற்றொன்று ‘வைரம்’, ‘நாணயம்’ என்னும் பெயரால் விற்கப்படும் உடை, துப்பாக்கி அலங்காரம் முதலியன. ரூபாயை வைரமாக மாற்றியபின், செலவாவது ரூபாய் என்பது பிள்ளைக்கு மறந்துவிடுகின்றது. அம்மாற்றத்தின் நோக்கமும் அதுவே. மூன்றாவது, திறக்கும் வரை உள்ளே என்ன இருக்கின்றதென்று தெரியாத பரிசுப் பெட்டி. நம் பெட்டிக்கடையில் தொங்கிய சீட்டைக் கிழித்துப் பரிசு பார்த்த பழக்கமே இது. பெல்ஜியம் நாடு 2018-இல் இத்தகைய பெட்டிகளைச் சூது எனவே அறிவித்தது. முன்னர்ச் சொன்ன பப்ஜியின் இந்தியப் பதிப்பு 2021-இல் அறிவித்த விதிகளில், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஒரு நாளில் 7,000 ரூபாய்க்குமேல் செலவிடக் கூடாது என்று இருந்தது. பிள்ளைகளைக் காக்கும் வரம்பாம் அது! தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைக்கும் நம் சகோதரர் 7,000 ரூபாய் காண எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

பணம் கட்டிப் பணம் எடுக்கும் ரம்மி முதலியவை வேறு. அவை விளையாட்டென்னும் வேடமிட்ட சூது. நீதியரசர் சந்துரு தலைமையிலான குழு 2022-இல் அளித்த அறிக்கைக்குப் பின், தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியபின் 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இவ்வகை விளையாட்டைப் பொறுத்தவரை எடைபோட ஏதுமில்லை. பிள்ளைக்கும் வேண்டாம், தந்தைக்கும் வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை எளியன. பணம் செலுத்தும் இரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள். நம் இளைஞர்கள் அமைத்துத் தருவர். ஏமாற்றுக்காரர் பணத்தை எடுத்துவிட்டால் உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழையுங்கள்.

ஐந்தாம் வினா: இவ்விளையாட்டுக்கு முடிவு உண்டா?

கபடிக்கு நேரம் உண்டு. சதுரங்கத்திற்கு முற்று உண்டு. பல்லாங்குழியில் காய் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. செல்பேசி விளையாட்டுகள் பலவற்றில் முடிவே இல்லை. நாள்தோறும் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் சேர்த்தது போயிற்று, நீ விலகினால் உன் அணி தோற்கும் என்றெல்லாம் கட்டிப்போடுகின்றன. சீனம் 2021-இல் சிறுவர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் எனச் சட்டமிட்டது. தென்கொரியாவோ 2011-இல் நள்ளிரவுத் தடையைக் கொண்டுவந்து, பத்தாண்டுக்குப் பின் அதனைக் கைவிட்டு, நேரத்தை முடிவு செய்யும் பொறுப்பைக் குடும்பத்திடமே விட்டது. அரசின் கடிகாரத்தைவிட வீட்டின் கடிகாரமே இறுதியில் நிற்கின்றது.

ஆட்டத்தின் நடுவில் பிடுங்காதீர்கள். “இன்னும் எத்தனை நேரத்தில் இது முடியும்?” என்று கேளுங்கள். “இது முடிந்தபின் வை” என்று சொல்லுங்கள். உண்ணும்போதும் உறங்கும் இடத்திலும் செல்பேசி வேண்டாம் என்பதை வீடு முழுமைக்குமான விதியாக்குங்கள். தந்தை இரவு பதினோரு மணிவரை திரையைத் தேய்த்துக்கொண்டிருக்க, மகனுக்கு மட்டும் விதி சொன்னால் அது நில்லாது.

ஆறாம் வினா: பிள்ளையிடம் நிகழ்ந்த மாற்றம் யாது?

உலக நலவாழ்வு நிறுவனம் விளையாட்டுக் கோளாற்றை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன் அடையாளங்கள் மூன்று. விளையாட்டை நிறுத்த முடியாமை. வாழ்வின் பிற அனைத்தையும்விட அதற்கே முதலிடம் தருதல். கேடு விளைந்தும் தொடர்தல். இவை குடும்பம், படிப்பு, உறவு ஆகியவற்றைப் பெரிதும் பாதித்து, பொதுவாக ஓராண்டளவு நீடித்தால்தான் அது நோய். ஆகவே, நாளுக்கு ஒரு மணி நேரம் விளையாடும் பிள்ளையை நோயாளி என்று ஏசாதீர்கள். உறக்கம் குறைந்து, பள்ளிக்குச் செல்லாமல், நண்பரை விட்டு விலகி நிற்கும் பிள்ளையை ‘வயசுக் கோளாறு’ என்று விட்டுவிடவும் செய்யாதீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கெனத் தனிப் பிரிவே இயங்குகின்றது. மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் கட்டணமில்லா எண் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

சில வேளைகளில் விளையாட்டு காரணமாக இராது. அது புகலிடமாக இருக்கும். வகுப்பில் பாடம் புரியாதவன், ஆசிரியரால் இழிவுபடுத்தப்பட்டவன், இரவு ஷிப்டுக்குப் பெற்றோர் சென்றபின் தனித்திருப்பவன் அங்கே சென்று ஒளிந்துகொள்கின்றான். செல்பேசியைப் பிடுங்கினால் புகலிடம் போகும். துன்பம் அப்படியே இருக்கும். அடிக்குமுன் கேளுங்கள்.

அன்பர்களே, எடைபோடுதல் என்றால் இரு தட்டும் வேண்டும். விளையாட்டினால் வரும் நன்மையையும் மறுக்கலாகாது. கூட்டாகத் திட்டமிடல், தோல்வியைத் தாங்கி மீண்டும் முயலல், ஆங்கிலச் சொற்களைக் கற்றல் ஆகியவற்றை நல்ல விளையாட்டுகள் தருகின்றன. கெட்டதை எடுக்கும் கை நல்லதைக் கொடுக்கவும் வேண்டும். நம் பக்கத்துப் பாடியில் வளர்ந்த வைஷாலியின் கதையை அறிவீர்கள். தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கவே பெற்றோர் அச்சிறுமியைச் சதுரங்கம் கற்கச் சேர்த்தனர். அக்காளைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் கற்றார். இன்று இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். உலகிலேயே அப்பட்டம் பெற்ற முதல் அக்காள் தம்பி இவர்கள். தொலைக்காட்சியை அணைத்ததோடு நில்லாமல், அவ்விடத்தில் வேறொன்றை வைத்தனர் அப்பெற்றோர். அதுவே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். வீட்டில் ஏதேனும் சிக்கல் வந்தால் மகளின் கையிலிருந்தே செல்பேசி முதலில் பிடுங்கப்படுகின்றது; மகனுக்கு எச்சரிக்கையோடு முடிகின்றது. ஆறு வினாக்களும் இருவர்க்கும் ஒன்றே. அஞ்சி நம்மிடம் சொன்ன மகளுக்குத் தண்டனை கிடைக்குமாயின், அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள்.

இளைஞர்களே, இனி உங்களுக்கு. உங்களில் பலர் உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஒவ்வொரு மாலை வகுப்பிலும் ஒரு குறிப்பேடு வையுங்கள். நம் தெருப் பிள்ளைகள் விளையாடும் ஒவ்வொரு விளையாட்டையும் நீங்களே ஒரு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். வயது, செயல், உடனிருப்பவர், பணம், முடிவு ஆகிய ஐந்து தலைப்பில் தமிழில் எழுதுங்கள். ஆறாவது வினாவைப் பெற்றோர் நிரப்பட்டும். ஞாயிறுதோறும் வரும் தாய்மார்களுக்கு அதனைப் படித்துக் காட்டுங்கள். விளையாட்டுகள் புதுப்பிக்கப்படுந்தோறும் மாறுகின்றன. ஆதலின் ஆறு திங்களுக்கு ஒருமுறை மீண்டும் பார்த்துத் திருத்துங்கள்.

பெற்றோர்களே, இளைஞர்களே, இன்னொரு கடமை நம் அனைவர்க்கும் உண்டு. பிள்ளை ஏன் செல்பேசியில் விளையாடுகின்றான் என்று கேட்கும் நாம், வேறு எங்கே விளையாடுவான் என்பதையும் கேட்க வேண்டும். ஏரிக்கரையும் வெளியும் கட்டடமாகிவிட்ட நம் பகுதியில், நம் குடியிருப்புகளுக்கு அருகில் விளையாட்டுத் திடல் எத்தனை? சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்திலும், ஆவடி மாநகராட்சியிலும், பூவிருந்தவல்லி நகராட்சியிலும் நம் வார்டுக்கொரு திடலும், நூலகமும், மாலையில் எரியும் விளக்கும் கேட்போம். மனுவை எழுதுவது இளைஞர் பணி. உடன் வந்து நிற்பது பெற்றோர் பணி.

நம் முன்னோர் எழுத்தறியவே போராடினர். அவர்தம் பேரப்பிள்ளைகள் உலகம் முழுவதையும் உள்ளங்கையில் வைத்திருக்கின்றனர். அதில் எது உணவு, எது உமி என்று பிரித்துத் தருவது நம் கடன். இன்றிரவு வீடு சென்றதும் பிள்ளையின் அருகில் அமருங்கள். “இதை எனக்கும் கற்றுக் கொடு” என்று கேளுங்கள். அவன் ஆசிரியனாகட்டும்; நீங்கள் வினாக்களைத் தொடங்குங்கள்.